ஹோசியா நீதிமன்றத்தில் சொன்ன பதில்

சவப்பெட்டியின் தலைமாட்டில், இடது பக்கத்தில், ஹோசியா கிரென்ஷாதான் நிற்க வேண்டும் என்று அந்த ஊரில் குடும்பங்கள் கேட்டு வாங்கும். தூக்குவதற்குப் பிள்ளைகள், மருமகன்கள் என்று ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவனுக்குக் கால் இடறும். ஹோசியாவுக்கு இடறாது. தேவாலயப் படிகளில் அவர் இறங்கும்போது உள்ளே இருப்பவர் புரண்டு படுக்காமல் போய்ச் சேர்வார் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ப்ரூயிட்டின் இறுதிச்சடங்கு நிலையத்தில் அவருக்கு வேலை. அமரர் ஊர்தி ஓட்டுவது, கதவு திறந்து விடுவது, பெட்டி தூக்குவது, மழை பெய்தால் விதவைக்குக் குடை பிடிப்பது. இந்த வேலைக்கென்று ப்ரூயிட் ஒரு கறுப்பு சூட் தைத்துக் கொடுத்திருந்தார். நல்ல துணி. உள்ளே பட்டு. அது நிலையத்தின் சொத்து; வேலையை விட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அது தொங்கியது ஹோசியாவின் வீட்டில்தான். ஓடெஸா தேய்ப்பதுபோல யாரும் தேய்க்க மாட்டார்கள் என்று ப்ரூயிட்டே ஒப்புக்கொண்டிருந்தார்.

ஓடெஸா ஹோசியாவின் அக்கா. வீடும் அவள் பெயரில்தான். அமெரிக்காவின் தெற்கே, அலபாமாவின் பருத்தி நிலத்தில், செம்மண் பாதையின் கடைசியில், தகரக் கூரை போட்ட வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து அவள் வாங்கியது. ஹோசியா அதில் குடியிருந்தார். யாராவது கேட்டால், "தம்பி என்கூட இருக்கான்" என்பாள். "நான் தம்பிகூட இருக்கேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அம்மா செத்தபோது ஹோசியா தவழ்ந்துகொண்டிருந்தார். ஓடெஸாவுக்குப் பதினைந்து வயது. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் பின்கட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, பையனை யாரிடம் விடுவது என்று பெரியவர்கள் பேசினார்கள். பர்மிங்ஹாமில் ஒரு மாமா இருந்தார், அவருக்கும் இஷ்டமில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்க, ஓடெஸா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்து, "யாரும் யோசிக்க வேணாம். இவன் எனக்கு ஒரு பாரமும் இல்ல" என்றாளாம். ஹோசியாவுக்கு அது நினைவில் இருக்க வழியில்லை. ஆனால் ஊரில் சொல்லிச் சொல்லி, தன் கண்ணால் பார்த்ததுபோல ஆகிவிட்டிருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டவள் மறுபடி போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

எழுபது தாண்டியதும் அவளுடைய சிறுநீரகங்கள் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கு மார்ஸ்டன் போக வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். முதல் வாரமே ஓடெஸா சொல்லிவிட்டாள்.

"எனக்காக நீ வேலையைக் கெடுத்துக்க வேணாம். ஏதாவது வண்டி பிடிச்சு நானே போய்க்குவேன். இத்தனை வருஷம் நான் யார் கையையும் எதிர்பார்த்தது இல்ல."

"யாரு உனக்காகப் போறது? ப்ரூயிட் இப்ப பூவெல்லாம் மார்ஸ்டன்லதான் வாங்குறார். வாரத்துக்கு மூணு தடவை நான் போய்த்தான் ஆகணும். வழியில உன்னை இறக்கி விடுறேன்."

"பூ வாங்கவா?"

"ஆமா. அங்க சல்லிசு."

ஓடெஸா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

ப்ரூயிட் பூ வாங்கியது நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த கடையில். ஹோசியா தன் நேரங்களை மாற்றி, இரவில் ஊர்திகளைக் கழுவும் வேலைகளை ஏற்றுக்கொண்டு, அந்த மூன்று பகல்களையும் கேட்டு வாங்கியிருந்தார்.

போகிற வழியில் நெடுஞ்சாலை ஓரமாக வில்லோடீன் என்பவளின் வேர்க்கடலைக் கடை. பெரிய இரும்புக் கொப்பரையில் உப்புத் தண்ணீரில் கடலை வெந்துகொண்டே இருக்கும். ஓடெஸாவுக்கு உப்பு ஆகாது, கீரை ஆகாது, தக்காளி ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது. ஆனால் அங்கே வண்டி நின்றாக வேண்டும். ஹோசியா ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுப்பார். அவள் அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொள்வாள். வெதுவெதுப்புக்காக. வாசனைக்காக. ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை. மார்ஸ்டனில் இறங்கும்போது, "இந்தா, உன் கடலை" என்று இருக்கையில் வைத்துவிட்டுப் போவாள். அவள் எதிரே அவரும் தின்றதில்லை.

வழக்கு வந்தது ஒரு சின்ன விஷயத்தில். பின்பக்க விளக்கு உடைந்திருந்தது. ஷெரிஃபின் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்ததில் காப்பீடும் தீர்ந்துபோயிருந்தது. அந்த மாதப் பணம் ஓடெஸாவின் மருந்துக்குப் போயிருந்தது. ஆஜராகச் சொன்ன நாள் டயாலிசிஸ் நாளாக அமைந்தது. ஹோசியா மார்ஸ்டன் போனார். போகாமல் விட்டது தனிக் குற்றம் என்று பிறகுதான் தெரிந்தது. உடைந்த விளக்குக்கான அபராதம் சிறியது. விசாரித்ததற்கான கூலிதான் பெரியது. எழுத்தருக்கு ஒரு கட்டணம், ஷெரிஃப் நிதிக்கு ஒன்று, சிறைக் கட்டடத்துக்கு ஒன்று, ஏழை என்பதால் அரசு கொடுத்த வக்கீலுக்கும் ஒன்று. கட்ட முடியாமல் போனபோது ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். உரிமம் இல்லாதவரை ப்ரூயிட் எப்படி ஊர்தியில் உட்கார வைப்பார்? கதவு திறப்பதும் பெட்டி தூக்குவதும் மட்டும் மிஞ்சின. சம்பளம் பாதியாயிற்று. கட்ட வேண்டியது மட்டும் அப்படியே இருந்தது.

அக்காவை அவர் தொடர்ந்து அழைத்துப் போனார். நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, பண்ணைகளுக்கு நடுவே போகும் மண்பாதைகளில். நேரம் கூடியது. கடலைக் கடை வழியில் வரவில்லை.

"ஏன்டா இந்தக் குழியிலயும் மேட்டுலயும் போற? இடுப்பு கழண்டுடும் போல இருக்கு."

"ஹைவேல வேலை நடக்குது அக்கா."

"எப்ப முடியுமாம்?"

"சொல்லல."

அரசு கொடுத்த வக்கீல் மிஸ் பெக்கர் இளம் பெண். கையில் எப்போதும் ஒரு கட்டுக் காகிதம், பாதி தின்ற ஒரு ஆப்பிள். கட்ட வழியில்லாதவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று அவர்தான் ஹோசியாவுக்குச் சொன்னார். தள்ளுபடி ஆனால் உரிமம் திரும்பிவிடும்.

"நீதிபதி கேள்வி கேட்பார். உங்களை நம்பி யார் இருக்காங்கன்னு கட்டாயம் கேட்பார். அங்கதான் விஷயமே இருக்கு. அக்காவைப் பத்திச் சொல்லுங்க. மருந்து, டயாலிசிஸ், நீங்க ஓட்டலைன்னா அவங்க உயிருக்கே ஆபத்துன்னு எல்லாத்தையும் சொல்லுங்க. வெட்கப்படாதீங்க."

"சரி, மேடம்."

"இன்னொண்ணு. வேலைக்குப் போற உடுப்புலயே வாங்க. புதுசா எதுவும் போட வேணாம்."

விசாரணை நாளும் டயாலிசிஸ் நாள்தான். முடிந்ததும் நேரே மார்ஸ்டன் போய்விடலாம் என்று ஓடெஸாவும் கிளம்பினாள். காலையில் ஹோசியா பழைய சட்டை ஒன்றை எடுத்தபோது அதை அவர் கையிலிருந்து பிடுங்கி நாற்காலியில் போட்டாள். சூட் தேய்த்துத் தயாராகத் தொங்கியது.

"அக்கா, வேலைக்குப் போற உடுப்புலதான் வரச் சொல்லியிருக்காங்க."

"நீ வேலைக்குப் போற உடுப்பு இதுதானே?"

அது உண்மைதான்.

"ஜட்ஜ் முன்னாடி நிக்கப் போற. பிச்சைக்காரன் மாதிரி நின்னா அப்படித்தான் நடத்துவான். இந்த வீட்டுலேர்ந்து யாரும் அப்படிப் போனதில்ல."

அவளும் ஊதாத் தொப்பி வைத்துக்கொண்டாள். ஈஸ்டர் அன்று வைப்பது.

நீதிமன்ற வாசலில் வண்டியை நிறுத்த முடியாது. உரிமம் போனவர்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு வருகிறார்களா என்று ஷெரிஃபின் ஆட்கள் அங்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் பலரும் தள்ளியிருந்த ஒரு தேவாலயத்தின் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையைவிட விசாரணை நாளில் அந்த இடத்தில் வண்டி அதிகம். ஓடெஸா தடியை ஊன்றி, நின்று நின்று நடந்தாள்.

"கோர்ட்டை ஏன்டா இவ்வளவு தூரத்துல கட்டியிருக்கான்?"

"வந்துடுச்சு அக்கா. நீ கார்லயே இருந்திருக்கலாம்."

"வெந்து சாகவா?"

உள்ளே குளிரூட்டி ஓடியது. ஓடெஸா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். மிஸ் பெக்கர் வேறு நாலைந்து பேருடைய காகிதங்களோடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். ஹோசியாவின் உடையைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறியது. சொல்வதற்கு நேரமில்லை, பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி ராட்கிளிஃப் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்லவும் அவசரப்பட வேண்டியதில்லை. மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டிய பெயர்கள் அவர் முன்னால் நிறைய இருந்தன. பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்ய ஒரு பெண் பக்கத்தில் இருந்தாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மிஸ்டர் கிரென்ஷா, என் சூட்டை விட உங்க சூட் நல்லா இருக்கே."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து அக்காவின் சிரிப்பும் கேட்டது. அதில் பெருமை இருந்தது. ஹோசியாவும் லேசாகச் சிரித்தார்.

"என்ன வேலை?"

"ப்ரூயிட் நிலையத்துல, சார்."

"வாடகை எவ்வளவு கொடுக்கிறீங்க?"

"வாடகை இல்ல, சார். வீடு அக்காவோடது."

"நல்லது. உங்களை நம்பி யார் இருக்காங்க?"

மிஸ் பெக்கர் தலையை அசைத்தார். சொல்லுங்கள் என்று.

ஹோசியா திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் ஊதாத் தொப்பி நிமிர்ந்து இருந்தது. காது கூர்மையானவள். இந்தக் கூடத்தில் எது பேசினாலும் அவளுக்குக் கேட்கும். பக்கத்தில் அவள் சமைத்துப் போட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் தங்கள் பெயருக்காகக் காத்திருந்தார்கள். இத்தனை பேர் நடுவில், சத்தியம் செய்த வாயால், இதோ உட்கார்ந்திருக்கிறாளே இவள்தான் என் பாரம், இவளால்தான் என்னால் கட்ட முடியவில்லை என்று சொல்ல வேண்டும். சட்டம் இரக்கம் காட்டத் தயாராகத்தான் இருந்தது. அவளை எடுத்து எடைத்தட்டில் வைக்கச் சொன்னது, அவ்வளவுதான்.

"யாரும் இல்ல, சார்," என்றார் ஹோசியா. "நான் ஒருத்தன்தான்."

"யுவர் ஆனர், ஒரு நிமிஷம், அவருடைய அக்கா..." என்று மிஸ் பெக்கர் எழுந்தார்.

"அவர் வாயாலேயே சொல்லிட்டாரே. மிஸ்டர் கிரென்ஷா, சத்தியம் பண்ணிட்டுத்தானே பேசுறீங்க?"

"ஆமா, சார்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா, சார்."

வேலை உண்டு, வாடகை இல்லை, ஒற்றை ஆள். தள்ளுபடி மறுக்கப்பட்டது. மாதாமாதம் கட்ட வேண்டும். முழுதும் கட்டிய பிறகே உரிமம். மறுபடி மனுப்போட வேண்டுமானால் குளிர்காலத்தில், அடுத்த முறை இந்த மனுக்களை எடுக்கும்போது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் மிஸ் பெக்கர் அவரைப் பிடித்து நிறுத்தினார். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவங்க உட்கார்ந்திருந்தாங்களே, மேடம்."

வக்கீலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார். "அவங்களை நான் வெளிய உட்கார வச்சிருக்கணும். எனக்குத் தோணல," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

மண்பாதையில் வெகுதூரம்வரை ஓடெஸா அறுவடைக்குக் காத்திருந்த பருத்தியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"யாரும் இல்லையோ?" என்றாள் திடீரென்று.

"அக்கா..."

"நான் யாருடா உனக்கு? பக்கத்து வீட்டுக்காரியா?"

"உன்னை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? எனக்குப் பாரமா இருக்கன்னு கணக்குக் காட்டச் சொல்றாங்க. நீ எனக்குப் பாரமா என்ன?"

"பாரம்தான்."

"நான் இங்க வர்றதே பூ வாங்கத்தான்..."

"பூவா?" ஓடெஸா அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "லைசென்ஸ் இல்லாதவனை வண்டி எடுத்துக்கிட்டுப் போய்ப் பூ வாங்கிட்டு வான்னு அனுப்புற முதலாளி எந்த ஊர்லடா இருக்கான்? முதல் வாரமே எனக்குத் தெரியும். எத்தனை நாள் பின்சீட்டைப் பார்த்திருப்பேன், ஒரு இதழ் கிடந்திருக்கா? ஹைவேல வேலை நடக்குதுன்னு சொன்னதும் தெரியும். நீ சொல்ற பொய் அழகா இருந்துச்சு, வாங்கி வச்சுக்கிட்டேன். அதை இப்படி ஜட்ஜ்கிட்ட கொண்டுபோய் விப்பன்னு நினைக்கல."

ஹோசியா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அம்மா அடக்கத்தன்னைக்கு நீ சொன்னியே, இவன் எனக்குப் பாரம் இல்லன்னு. அதைக் கேட்டு வளர்ந்தவன் நான்."

"அதுவும் பொய்தான்," என்றாள் ஓடெஸா. குரல் தணிந்திருந்தது. "நல்லா கனத்த. தின்னுட்டுத் தின்னுட்டு கல்லு மாதிரி இருப்ப. பதினஞ்சு வயசுல எனக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. ராத்திரி எத்தனை தடவை உன்னை எங்கயாவது விட்டுட்டு ஓடிடலாம்னு நினைச்சிருப்பேன், உனக்கென்ன தெரியும். பாரம் இல்லாம ஒண்ணும் இல்ல. தூக்கினேன், அவ்வளவுதான். நீயும் அதைத்தானே பண்ற?"

தொப்பியை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்: "குளிர்காலத்துல கூப்பிடுவாங்கன்னா போ. போய்ச் சொல்லு. எனக்கு அக்கா இருக்கா, ரொம்பக் கனக்குறான்னு சொல்லு. நானும் வந்து கேட்கிறேன். இப்ப வண்டிய எடு, மெஷினை வேற யாருக்காவது மாட்டிடப் போறாங்க."

அந்த இலையுதிர் காலத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு இலகுத்தன்மை வந்திருந்தது. பூ என்ற பேச்சு ஒரு விளையாட்டாகிவிட்டது. "இன்னைக்கு ரோஜாவா லில்லியா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறுவாள். ஹோசியா தவணை கட்டினார். ஒரு மாதம் கட்டினார், அடுத்த மாதம் கட்ட முடியவில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை வரும் நன்றி நாள் பண்டிகைக்கு முந்தைய மாலை, நிலையத்திலிருந்து திரும்பும்போது, ஆற்றுப் பாலத்தருகே ஷெரிஃபின் ஆட்கள் எல்லா வண்டிகளையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உரிமம் இல்லை. தவணையும் தவறியிருந்தது. பிடித்துப்போய்ச் சிறையில் அடைத்தார்கள். நீண்ட விடுமுறை, திங்கட்கிழமைதான் நீதிபதி வருவார் என்றார்கள். தொலைபேசியில் ஒரே ஒரு தடவை பேச விட்டார்கள்.

"அக்கா, ஆஸ்பத்திரி வேன்காரங்களைக் கூப்பிடு. இல்லன்னா தேவாலயத்துல யாரையாவது கேளு. டீக்கன் வீட்டுல வண்டி இருக்கு."

"நான் பார்த்துக்கறேன். நீ சாப்பிட்டியா?"

"கேட்பியா?"

"கேட்கிறேன்டா."

ஆஸ்பத்திரி வேனுக்குப் பல நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தேவாலயத்தில் அவள் யாரையும் கேட்கவில்லை. எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் வந்திருப்பார்கள், அடுப்பில் வான்கோழி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் சனிக்கிழமை வந்து எட்டிப் பார்த்து, "டயாலிசிஸ் போகலையா மிஸ் ஓடெஸா?" என்று கேட்டபோது, "தம்பி வந்துக்கிட்டே இருக்கான்" என்றாளாம். தொப்பி வைத்து, பையை மடியில் வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். தான் பாரம் என்று தம்பியிடம் சொல்ல அவளால் முடிந்தது. ஊரிடம் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் போய்த் தேடினார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஹோசியாவை விட்டார்கள். ப்ரூயிட்டே வந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நுரையீரல் நிறையத் தண்ணீர் கோத்திருந்தது. மெஷின் மாட்டியிருந்தார்கள், இதயம்தான் ஒத்துழைக்கவில்லை. சாயங்காலம் ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். அவரை அடையாளம் தெரிந்தது.

"பூ வாங்கிட்டியா?" என்றாள்.

"வாங்கிட்டேன் அக்கா."

உதட்டோரம் சிரிப்பதுபோல ஒரு அசைவு. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

அடக்கத்தன்று ப்ரூயிட், "இன்னைக்கு நீ குடும்பம், ஹோசியா. முன்வரிசைல போய் உட்காரு. நாங்க தூக்குறோம்" என்றார்.

"நான்தான் தூக்கணும்."

"சரி. வேற ஏதாவது வேணுமா?"

"பூ மட்டும் மார்ஸ்டன்லேர்ந்து வரணும்."

ப்ரூயிட் எதிர்ச்சாரிக் கடையை ஒருமுறை பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஆள் அனுப்பினார்.

வழக்கம்போல அந்த சூட்டில், தலைமாட்டில் இடது பக்கத்தில் நின்று ஹோசியா பெட்டியைத் தூக்கினார். நோயில் வற்றிப்போன உடம்பு. ஆனால் தன் தொழிலில் அதுவரை அப்படியொரு கனத்தைத் தோளில் உணர்ந்ததில்லை என்று பிறகு ப்ரூயிட்டிடம் சொன்னார். படிகளில் பெட்டி ஆடவில்லை.

குளிர்காலத்தில் மறுபடி பெயர் வந்தது. தான் எழுதியே கொடுத்துவிடுவதாகவும், வரத் தேவையில்லை என்றும் மிஸ் பெக்கர் சொல்லியிருந்தார். ஹோசியா வந்தார். ப்ரூயிட் கொண்டுவந்து விட்டதால் இந்த முறை வாசலிலேயே இறங்கினார். அதே சூட்.

ராட்கிளிஃபுக்கு அவரை நினைவிருந்தது. அல்லது சூட்டை நினைவிருந்தது. "நிலைமை ஏதாவது மாறியிருக்கா, மிஸ்டர் கிரென்ஷா?"

"நான் ஒரு விஷயம் திருத்தணும், சார். போன தடவை நீங்க என்னை நம்பி யார் இருக்காங்கன்னு கேட்டீங்க. யாரும் இல்லன்னு சொன்னேன். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னேன். என் அக்கா இருந்தாங்க. ஓடெஸா கிரென்ஷா. அந்தக் கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப?"

"இப்பதான் யாரும் இல்ல, சார்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். மிஸ் பெக்கர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டணத் தள்ளுபடிக்காக இதைச் சொல்றீங்களா?"

"இல்ல, சார். அது உங்க இஷ்டம். அன்னைக்கு நான் சொன்னதை இந்த அம்மா டைப் பண்ணாங்க. எனக்கு அக்கா இருந்தாங்கன்னு இப்ப அதுல போடணும். ரொம்பக் கனமா இருந்தாங்கன்னும் போடணும். அவங்கதான் சொல்லச் சொன்னாங்க."

ராட்கிளிஃப் மேசையில் இருந்த காகிதங்களைப் புரட்டினார். எதையும் தேடியதாகத் தெரியவில்லை. பிறகு, மீதமுள்ள கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார். வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னதால் எழுத்தர் இன்னொரு தடவை கேட்டு எழுத வேண்டியிருந்தது.

ஹோசியா நகரவில்லை. தட்டச்சு செய்கிற பெண்ணைப் பார்த்தார். "போட்டுட்டீங்களா, அம்மா?"

"போட்டுட்டேன், சார்," என்றாள் அவள்.

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

தலை குனிந்து வணங்கிவிட்டு வெளியே நடந்தார்.

உரிமம் கைக்கு வந்தபோது பாதையோரத்து மரங்கள் துளிர்த்திருந்தன. ப்ரூயிட் ஊர்தியின் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். பழைய சம்பளமும் வந்தது. அதைச் செலவழிக்க வழி இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, அவருக்கு வேலை எதுவும் சொல்லியிருக்கவில்லை. மூன்று பகல்களை அவர் கேட்டு வாங்கியது அப்படியே தொடர்ந்துகொண்டிருந்தது. மாற்றச் சொல்லி ஹோசியா கேட்கவில்லை, ப்ரூயிட்டும் பேச்செடுக்கவில்லை. வண்டியை எடுத்து நெடுஞ்சாலையில் ஏறினார். பாலத்தருகே ஷெரிஃபின் வண்டி ஒன்று நின்றிருந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. அவர்களும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வில்லோடீனின் கொப்பரையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"யாரு வர்றது பாரு," என்றாள் வில்லோடீன். "செத்துட்டீங்கன்னுல்ல நினைச்சேன் ரெண்டு பேரும். வேற கடை பிடிச்சிட்டீங்களா?"

"ரோடு வேலை நடந்துச்சு."

"இந்த ரோட்லயா? என் கண்ணுக்குத் தெரியாமலா?" கரண்டியால் கடலையை அள்ளி வடித்தாள். "மடியில வைக்கிற பொட்டலம்தானே? சூடா அடியிலேர்ந்து எடுத்துப் போடுறேன். எங்க, தூங்குறாங்களா?"

வண்டியின் கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே தெரியவில்லை. ஹோசியாவும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"அவங்க வரல," என்றார்.

"அடுத்த வாட்டி கூட்டிட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லு."

அவர் தலையசைத்தார். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்து இருக்கையில், சாயாமல் வைத்தார். வண்டிக்குள் வாசனை நிறைந்தது. மார்ஸ்டன்வரை ஓட்டினார். டயாலிசிஸ் நிலையத்தின் முன்னால், அவளை இறக்கிவிடும் இடத்தில் நிறுத்தினார். உள்ளேயிருந்து யாரையோ சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஆள் இறக்க அவனுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. ஹோசியா கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

கையை நீட்டிப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது.